849 ரூபாய் பிரீமியமும் 5 லட்ச ரூபாய் காப்பீடும்

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2022 ஜனவரியில் புதுப்பிக்கப்பட்டபோது, ஒரு குடும்பத்துக்கு அரசு கட்ட வேண்டிய ஆண்டு பிரீமியம் 849 ரூபாய் என்று முடிவானது. மேடைகளில் சொல்லப்படுவது, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சிகிச்சை கிடைக்கும் உச்சவரம்பான 5 லட்சம். மருத்துவக் காப்பீட்டைச் சீர்திருத்த வேண்டும் என்று நாடு முழுக்க நடக்கும் வாதங்கள் பெரும்பாலும் இந்த 5 லட்சத்தையே சுற்றி வருகின்றன. பத்து லட்சமாக்கு, இன்னும் சில கோடிப் பேரைச் சேர், வயது வரம்பை எடு என்ற கோரிக்கைகள்தான் காதில் விழுகின்றன. ஆனால் டிஸ்சார்ஜ் ஆகிற அன்று நோயாளியின் குடும்பம் கைக்காசு எவ்வளவு எடுத்து வைக்கிறது என்பது வேறு மூன்று விஷயங்களில் இருக்கிறது. அந்தச் சிகிச்சைக்கு மருத்துவமனைக்கு நிர்ணயித்த விலை எவ்வளவு, அதை யார் எத்தனை நாளில் தருகிறார்கள், எதெல்லாம் பட்டியலிலேயே கிடையாது. சீர்திருத்தம் என்று எதையாவது சொல்வதானால் இந்த மூன்றில்தான் கைவைக்க வேண்டும்.

849 ரூபாயில் அவ்வளவு பெரிய தொகை எப்படிக் கட்டுப்படியாகிறது? ஒரு கற்பனைக் கணக்குப் போட்டால் புரியும். 100 குடும்பங்களின் பிரீமியம் சேர்ந்தால் 84,900 ரூபாய். ஆண்டில் மூன்று குடும்பங்களில் ஆள் படுத்து, ஆளுக்குச் சராசரி 25,000 ரூபாய் செலவானால் 75,000 போகும், 9,900 மிஞ்சும். நான்காவது குடும்பமும் வந்துவிட்டால் செலவு ஒரு லட்சம், 15,100 ரூபாய் கைநஷ்டம். நூற்றுக்கு மூன்றா நான்கா என்ற இடத்தில்தான் காப்பீட்டு நிறுவனத்தின் லாப நட்டம் ஊசலாடுகிறது. அட்டையின் உச்சவரம்பு 2 லட்சமா 5 லட்சமா என்பதால் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது, ஏனென்றால் 2 லட்சத்தைத் தாண்டும் சிகிச்சைகள் எண்ணிக்கையில் குறைவு. உச்சவரம்பை உயர்த்துவது அரசியல்வாதிகளுக்கு இனிப்பாக இருப்பதற்கு இதுவும் காரணம்: கேட்கப் பெரிதாக இருக்கும், செலவு அந்த அளவுக்கு ஏறாது. தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு பின்னணியும் உண்டு. இங்கே இருப்பது கலப்பு முறை. ஒரு வரம்புவரை நிறுவனம் ஏற்கும். அதைத் தாண்டிய தொகையை அரசே நேரடியாக ஏற்கும்.

இந்த இடத்துக்கு வந்த பாதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2003-ல் கர்நாடகத்தில் கூட்டுறவுச் சங்க விவசாயிகளுக்கு யஷஸ்வினி. 2007-ல் ஆந்திரத்தில் ஆரோக்யஸ்ரீ. 2008-ல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் ராஷ்ட்ரிய ஸ்வஸ்திய பீமா யோஜனா; வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய், பதிவுக்கட்டணம் 30 ரூபாய். 2009 ஜூலையில் தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012 ஜனவரியில் அதன் இடத்தில் இப்போதைய முதல்வர் திட்டம். 2018 செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2011-ன் சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பை வைத்து 10.74 கோடிக் குடும்பங்கள், குடும்பத்துக்கு 5 லட்சம், உறுப்பினர் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. செலவில் மத்திய அரசு 60, மாநிலம் 40. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90, 10. தமிழ்நாடு தன் திட்டத்தை இதோடு இணைத்துக்கொண்டு, மத்தியப் பட்டியலில் வராத குடும்பங்களுக்கான செலவைத் தானே சுமக்கிறது. 2024 அக்டோபரில் 70 வயது நிறைந்த எல்லோரையும், வருமானம் பார்க்காமல், மத்தியத் திட்டத்தில் சேர்த்தார்கள்.

காப்பீட்டுப் பிரிவில் நடப்பது

இனி மருத்துவமனைக்குள் போவோம். ஒரு மருத்துவமனை 'பட்டியலில் இருக்கிறது' என்றால் எல்லா நோய்க்கும் இருக்கிறது என்று பொருளில்லை. அங்கீகாரம் துறைவாரியாகத் தரப்படுகிறது. எலும்பு முறிவுக்கு அட்டையை எடுத்துக்கொள்ளும் அதே மருத்துவமனை இதய சிகிச்சைக்கு எடுக்காது. ஆம்புலன்சில் ஏற்றுமுன் கேட்க வேண்டிய கேள்வி "உங்ககிட்ட காப்பீடு இருக்கா?" என்பதல்ல, "இந்த நோய்க்கு இருக்கா?" என்பது. பாதித் தகராறு இங்கேயே தொடங்குகிறது.

உள்ளே போனதும் அட்டையும் ஆதாரும் சரிபார்க்கப்படும். ஆயுஷ்மான் பாரத்தில் இதைச் செய்பவருக்கு ஆரோக்கிய மித்ரா என்று பெயர். குடும்ப அட்டையில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து என்று இருந்தால் இங்கே நிற்கும். கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் இன்னும் பிறந்த வீட்டு அட்டையிலேயே இருந்தால் இங்கே நிற்கும். அடுத்து மருத்துவர் சிகிச்சையை முடிவு செய்ய, மருத்துவமனை அதற்குரிய தொகுப்பை (மொத்தமாக ஒரே விலை வைத்த சிகிச்சை வகையை) அரசின் பட்டியலில் தேர்ந்தெடுத்து, ஸ்கேன், பரிசோதனை முடிவு, நோயாளியின் படம் எல்லாவற்றையும் ஏற்றி முன் அனுமதி கேட்கும். ஆயுஷ்மான் பாரத் விதிப்படி ஆறு மணி நேரத்தில் பதில் வர வேண்டும். சிகிச்சை முடிந்து, டிஸ்சார்ஜ் குறிப்போடு கோரிக்கை போனால், உள்மாநில நோயாளி என்றால் 15 நாளில், வெளிமாநிலத்தவர் என்றால் 30 நாளில் பணம் வர வேண்டும்.

ஏட்டில் அப்படி. நடைமுறையில் நேரத்தைத் தின்பது இடையில் வரும் விளக்கக் கேள்விகள். 'இந்த எக்ஸ்ரேயில் தேதி இல்லை', 'உறுப்பின் எந்தப் பக்கம் என்று குறிப்பிடவில்லை' என்று கோப்பு திரும்பி வரும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கெடு புதிதாக ஓடத் தொடங்கும். வயிற்றைத் திறந்த பிறகு நோய் வேறு என்று தெரிந்தால் தொகுப்பை மாற்ற இன்னொரு அனுமதி. பெரிய மருத்துவமனை ஐந்தாறு பேரை இதற்கென்றே வைத்திருக்கும். முப்பது படுக்கை நர்சிங் ஹோமில் கணக்கரும் வரவேற்பாளரும் இடையிடையே பார்க்கிற வேலை இது. பணம் மூன்று மாதம் தள்ளிப்போனால் பெரியது தாங்கும். சின்னது அட்டையோடு வருபவர்களிடம் "பெட் இல்லை" என்று சொல்லத் தொடங்கும். ஊரில் மருத்துவமனைகள் பட்டியலில் இருந்தும் இடம் கிடைக்காமல் போவது இப்படித்தான்.

விலைப்பட்டியல்தான் கொள்கை

அரசு ஒவ்வொரு சிகிச்சைக்கும் மொத்த விலை ஒன்றை நிர்ணயிக்கிறது. படுக்கை, மருத்துவர் கட்டணம், மருந்து, உள்ளே பொருத்தும் சாதனம், சாப்பாடு, சேருவதற்கு மூன்று நாள் முன்புவரை எடுத்த பரிசோதனை, வீட்டுக்குப் போன பின் 15 நாள் மருந்து எல்லாம் அதற்குள். ஒரே நேரத்தில் மூன்று அறுவைச் சிகிச்சை என்றால் அதிக விலையுள்ளதற்கு முழுத் தொகை, இரண்டாவதற்குப் பாதி, மூன்றாவதற்குக் கால்.

இந்த விலை தவறினால் என்னாகும் என்பதற்குத் தீவிர சிகிச்சைப் பிரிவைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஆயுஷ்மான் பாரத் தொடங்கியபோது பொது வார்டுக்கு நாளொன்றுக்கு 1,800 ரூபாய், வென்டிலேட்டர் இல்லாத ஐசியுவுக்கு 3,600, வென்டிலேட்டரோடு 4,500. வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு ஒரு நாளைக்கு வேண்டிய செவிலியர், ஆக்சிஜன், ரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாவற்றையும் 4,500-க்குள் முடிக்கச் சொன்னால் தனியார் மருத்துவமனை என்ன செய்யும்? அந்த நோயாளியைத் தவிர்க்கும். 2021 அக்டோபரில் விலையைத் திருத்தியபோது வென்டிலேட்டர் படுக்கைக்கு 100 விழுக்காடும், வென்டிலேட்டர் இல்லாத ஐசியுவுக்கு 136 விழுக்காடும் ஏற்றினார்கள். கிட்டத்தட்ட 9,000, 8,500. பொது வார்டுக்கு ஏறியது 17 விழுக்காடு மட்டும். ஒரு விலையை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்ற வேண்டியிருந்தது என்றால், இடைப்பட்ட மூன்று ஆண்டுகள் அது எவ்வளவு தவறாக இருந்தது என்பதை அரசே ஒப்புக்கொண்டதாகத்தான் கொள்ள வேண்டும்.

விலை கூடிப்போனாலும் ஆபத்து. ஆரோக்யஸ்ரீயின் தொடக்க ஆண்டுகளில் கருப்பை அகற்றும் அறுவைகள் தேவையின்றிப் பெருகியதும், பிறகு அவற்றை அரசு மருத்துவமனைகளுக்கு மட்டும் ஒதுக்க வேண்டி வந்ததும் இத்துறையில் எல்லோரும் அறிந்த பாடம். சிக்கல் குறைந்த, விரைவில் வீட்டுக்கு அனுப்பக்கூடிய, லாபம் தரும் தொகுப்பு எதுவோ அதை நோக்கிக் கத்தி போகும். மருத்துவர் கெட்டவர் என்பதால் நடப்பதில்லை இது. விலை அந்தப் பக்கம் சாய்ந்திருப்பதால் நடப்பது.

குறைந்த விலைக்கு மருத்துவமனைகள் கண்டுபிடித்த இன்னொரு வழி, நோயாளியிடம் வித்தியாசத்தை வாங்குவது. "அட்டையில வர்ற ஸ்டென்ட் சுமார் தரம், நல்லது வேணும்னா மேல கட்டணும்" என்பதுதான் வழக்கமான பேச்சு. 2017 பிப்ரவரியிலேயே தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் ஸ்டென்டுகளுக்கு உச்ச விலை வைத்துவிட்டது. மருந்து பூசிய ஸ்டென்டுக்கு அப்போது 29,600 ரூபாய், சாதாரண உலோக ஸ்டென்டுக்கு 7,260. எனவே 'மேல' கட்டும் பணத்துக்கு ரசீது கேட்டாலே பேச்சின் தொனி மாறும். கட்டணமில்லாச் சிகிச்சைக்குப் பணம் கேட்டால் 14555 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். ஆனால் அறுவைக்கு முந்தைய இரவு, படுக்கையில் அப்பா கிடக்கும்போது, எந்த மகனும் புகார் எண்ணைத் தேட மாட்டான். இதை நோயாளியின் விழிப்புணர்வுக்கு விட்டுவிடுவது சரியான ஏற்பாடு ஆகாது; தணிக்கை செய்பவர்கள் டிஸ்சார்ஜுக்குப் பிறகு தாங்களே தொலைபேசியில் கேட்டுச் சரிபார்த்தாக வேண்டும்.

ஜப்பானில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நாடு முழுமைக்குமான விலைப்பட்டியல் திருத்தப்படுகிறது. மருத்துவர்களும் அரசும் கட்டணம் செலுத்துவோரும் உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள், ஆனால் சண்டைக்கு ஒரு தேதி இருக்கிறது. நம் பட்டியல்களுக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. மருத்துவப் பணவீக்கம் ஆண்டுதோறும் ஏறும். விலை, யாராவது போராடினால் ஏறும்.

நிறுவனமா, அறக்கட்டளையா?

பணத்தை யார் கையாள்வது என்பது சீர்திருத்த வாதத்தின் இன்னொரு முனை. காப்பீட்டு முறையில் அரசு பிரீமியத்தைக் கட்டிவிட்டு ஒதுங்கும். நிறுவனம் கோரிக்கைகளைப் பார்க்கும். அறக்கட்டளை முறையில் அரசின் சுகாதார முகமையே மருத்துவமனைக்கு நேராகக் கொடுக்கும். கேரளம் காப்பீட்டு முறையில் தொடங்கி 2020-ல் தன் சொந்த முகமைக்கு மாறியது.

நிறுவனம் இருந்தால் கோரிக்கையைத் துருவிப் பார்க்க அதற்குக் காரணம் இருக்கிறது. மேலே பார்த்த நான்காவது குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதே காரணத்தால் நியாயமான கோரிக்கையையும் இழுத்தடிக்கும். முகமை இருந்தால் லாப நோக்கம் இல்லை, நிர்வாகச் செலவு குறையும். ஆனால் நிதித்துறை பணம் விடுவிக்காத மாதத்தில் மருத்துவமனைகளின் நிலுவை மலைபோல் ஏறும். ஆரோக்யஸ்ரீ நிலுவைக்காகத் தனியார் மருத்துவமனைகள் சிகிச்சையை நிறுத்துவோம் என்று எச்சரிப்பது வழக்கமான செய்தி. எந்த முறை நல்லது என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. மோசடியைக் கண்டுபிடிக்கும் திறமையுள்ள ஆட்கள் முகமையில் இருக்கிறார்களா, பட்ஜெட்டில் ஒதுக்கிய பணம் உரிய மாதத்தில் வருகிறதா என்ற இரண்டுக்கும் 'ஆம்' என்று சொல்லக்கூடிய மாநிலம் அறக்கட்டளைக்குப் போகலாம். மற்றவை நிறுவனத்தை வைத்துக்கொண்டு, பிரீமியத்தில் சிகிச்சைக்குச் செலவாகாமல் மிஞ்சும் பங்கில் எவ்வளவைத் திருப்பித்தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் இறுக்கலாம். அமெரிக்காவில் 2010-ன் ஒபாமாகேர் சட்டம் செய்தது இதைத்தான்: பிரீமியத்தில் 80 அல்லது 85 விழுக்காடாவது சிகிச்சைக்குப் போகாவிட்டால் மிச்சத்தை நிறுவனம் திருப்பித்தர வேண்டும்.

மோசடி என்றதும் எல்லோரும் சொல்வது ஆயுஷ்மான் பாரத் பற்றி 2023 ஆகஸ்டில் வந்த சிஏஜி (தலைமைக் கணக்குத் தணிக்கையர்) அறிக்கையை. 7.49 லட்சம் பயனாளிகள் 9999999999 என்ற ஒரே கைபேசி எண்ணோடு இணைக்கப்பட்டிருந்தார்கள். கைபேசி எண்ணை வைத்துத் தகுதியைச் சரிபார்ப்பதில்லை என்று அரசு விளக்கம் சொன்னது. அது உண்மையே என்றாலும், சிகிச்சை முடிந்ததும் பயனாளியைக் கூப்பிட்டு "உங்களுக்கு இந்த அறுவை நடந்ததா, பணம் வாங்கினார்களா?" என்று கேட்கும் வழி அந்த 7.49 லட்சம் பேர் விஷயத்தில் அடைந்துபோயிருந்தது என்பதும் உண்மை. தணிக்கைக்கு வேண்டிய கயிறே அதுதான்.

நடுவில் நிற்பவர்கள்

ஏழைகளுக்கு அரசுத் திட்டம். சம்பளம் 21,000 வரை வாங்கும் தொழிலாளிக்கு இஎஸ்ஐ எனும் தொழிலாளர் அரசுக் காப்பீடு. 2019 ஜூலையிலிருந்து முதலாளி 3.25, தொழிலாளி 0.75 விழுக்காடு கட்டுகிறார்கள். வசதியானவர்கள் தனியார் பாலிசி எடுக்கிறார்கள். இடையில் மளிகைக் கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், 22,000 சம்பளக்காரர். 2021-ல் நிதி ஆயோக் போட்ட கணக்கில் இப்படி எந்தப் பாதுகாப்பும் இல்லாதவர்கள் மக்கள்தொகையில் குறைந்தது 30 விழுக்காடு, ஏறத்தாழ 40 கோடிப் பேர். இஎஸ்ஐ வரம்பு 2017 ஜனவரியில் வைத்த அதே 21,000-ல் நின்றதால், ஊதிய உயர்வு கிடைத்த ஒரே குற்றத்துக்காகப் பாதுகாப்பை இழந்தவர்களும் இந்தக் கூட்டத்தில் உண்டு.

இவர்களை 'விரும்பினால் சேரலாம்' என்று திட்டத்துக்கு அழைத்தால் முதலில் வருவது சர்க்கரையும் இதயக் கோளாறும் உள்ளவர்கள். நலமாக இருப்பவர் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவார். சராசரிச் செலவு ஏற, பிரீமியம் ஏற, மீதமிருந்த நலமானவர்களும் விலகுவார்கள். விருப்பச் சேர்க்கையில் தேசியக் காப்பீட்டைக் கட்ட முடியாது. தென் கொரியா 1977-ல் 500 பேருக்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்களில் கட்டாயமாகத் தொடங்கி, 12 ஆண்டில், 1989-க்குள், எல்லோரையும் உள்ளே கொண்டுவந்தது. 2000-ல் பல நிதிகளை ஒன்றாக்கியது. அங்கும் கடைசிவரை தொல்லை கொடுத்தது சுயதொழில் செய்பவர்தான். வருமானம் தெரியாததால் வீடு, கார் ஆகியவற்றை வைத்துப் பங்களிப்பைக் கணக்கிட்டார்கள். காரைக் கணக்கில் எடுப்பதை 2024-ல்தான் நிறுத்தினார்கள். உழைப்பாளரில் பெரும்பாலோர் அமைப்புசாராத் துறையில் இருக்கும் இந்தியாவில் இதே சிக்கல் பல மடங்கு.

தனியார் பாலிசிக்குப் போனவர்களின் நிலையைச் சீராக்கவும் சில மாற்றங்கள் வந்தன. 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்பை அதிகபட்சம் மூன்று ஆண்டாகக் குறைத்தது. ஐந்து ஆண்டு தொடர்ந்து கட்டியவரின் கோரிக்கையை, மோசடி நிரூபணமானால் தவிர, 'நோயை மறைத்தீர்கள்' என்று மறுக்கக் கூடாது என்றது. ரொக்கமில்லாச் சிகிச்சைக்கு ஒரு மணி நேரத்தில் முதல் அனுமதி, மூன்று மணி நேரத்தில் டிஸ்சார்ஜ் அனுமதி என்று கெடு வைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிகளுக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி இல்லை.

ஆனால் அறை வாடகை வரம்பு என்ற பழைய பொறி பல பாலிசிகளில் அப்படியே கிடக்கிறது. 5 லட்சம் பாலிசி, அறைக்கு நாளுக்கு 1 விழுக்காடு, அதாவது 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நோயாளி 8,000 ரூபாய் அறையில் நான்கு நாள் இருக்கிறார். மொத்த பில் 2 லட்சம்: அறை 32,000, மருந்து, பரிசோதனை, உள்பொருத்தும் சாதனம் 80,000, மருத்துவர், அறுவை அரங்கு, செவிலியர் கட்டணம் 88,000. அறை வித்தியாசம் 12,000 மட்டும்தானே, அதைக் கையிலிருந்து கட்டிவிடலாம் என்று நினைத்திருப்பார். நிறுவனமோ, 8,000 அறைக்கு வரம்பு 5,000 என்ற அதே விகிதத்தில், 88,000-ஐயும் எட்டில் ஐந்து பங்காக வெட்டி 55,000 தரும். மருந்து வகையை வெட்டக் கூடாது என்பதால் 80,000 முழுதாக வரும், அறைக்கு 20,000 வரும். ஆக 1,55,000. கைக்காசு 45,000. பாலிசி எடுக்கும்போது உச்சவரம்பைப் பார்ப்பதற்கு முன்பு அறை வாடகை வரியைத்தான் படிக்க வேண்டும்.

பட்டியலில் இல்லாதது

தேசிய சுகாதாரக் கணக்கின்படி 2013-14-ல் மொத்த மருத்துவச் செலவில் 64.2 விழுக்காடு மக்கள் கையிலிருந்து போனது. 2021-22-ல் அது 39.4. இறக்கம் பெரிதுதான். மிச்சமுள்ளதில் பெரும்பங்கு படுக்கையில் சேராமலே ஆகும் செலவு: மாதாமாதம் சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, மருத்துவருக்கு, பரிசோதனைக்கு. ஆயுஷ்மான் பாரத் காப்பீடு இதைத் தொடுவதில்லை. விளைவு விசித்திரமானது. சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் மாத்திரைக்குக் காப்பீடு பணம் தராது. கட்டுப்படாமல் சிறுநீரகம் கெட்டால் டயாலிசிசுக்குத் தரும்.

தாய்லாந்து 2002-ல் '30 பாட்' (பாட் அந்நாட்டு நாணயம்; ஒருமுறை சிகிச்சைக்குப் போனால் கட்டுவது அவ்வளவுதான்) திட்டத்தை நாடெங்கும் விரித்தபோது இந்த முடிச்சை முதலிலேயே அவிழ்த்தது. ஒவ்வொருவரும் வீட்டுக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார வலையமைப்பில் பதிவு செய்துகொள்வார்கள். வெளிநோயாளிச் சிகிச்சைக்குத் தலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே அந்த அமைப்புக்குப் பணம் போய்விடும். ஆள் நோயின்றி இருந்தால் அமைப்புக்கு மிச்சம், அதனால் நோயைத் தடுக்க அதற்கு ஆர்வம். உள்நோயாளிகளுக்கு நோய்வகை வாரியாகப் பணம், ஆனால் மொத்தச் செலவுக்கு ஒரு உச்சவரம்பு. காப்பீடு என்ற பெயரில் அவர்கள் செய்தது ஆரம்ப சுகாதாரத்துக்கு நிலையான நிதி ஏற்பாடு.

தமிழ்நாட்டில் இதில் பாதி வேறு கணக்கில் நடக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. மருந்தைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கிக் கொடுக்கிறது. இது காப்பீடு கிடையாது. அதனால் காப்பீட்டு விவாதங்களில் இதன் பெயரே வருவதில்லை. காப்பீட்டு முகமைக்கும் இந்தத் திட்டத்துக்கும் தரவு இணைப்பு இருந்தால், எந்த வட்டாரத்தில் மாத்திரை தவறியவர்கள் பிறகு டயாலிசிஸ் கோரிக்கையாக வருகிறார்கள் என்று பார்க்கலாம்.

முதலமைச்சர் திட்டத்துக்காக 2022-ல் கையெழுத்தான ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் காலம் 2027 ஜனவரியோடு நிறைகிறது. அடுத்த ஒப்பந்தப்புள்ளி வரும்போது செய்தித்தாள்கள் உச்சவரம்பைத் தலைப்பில் போடும். ஆவணத்தில் புரட்டிப் பார்க்க வேண்டியவை வேறு பக்கங்கள்: தொகுப்பு விலையை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை திருத்துவார்கள், மருத்துவமனைக்குப் பணம் தாமதமானால் வட்டி உண்டா, ஒரு கோரிக்கையின் மேல் எத்தனை முறை விளக்கம் கேட்கலாம், சிகிச்சைக்குப் போகாத பிரீமியத்தில் எவ்வளவு திரும்பி வரும்.